அமாவாசைப் பெட்டி

ஆபீஸில் இன்டர்நெட் படுத்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெட்டியின் வயரைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி சொருகுவீர்கள். உயிர் வந்துவிடும். மானேஜரும் இதைத்தான் செய்கிறார், பியூனும் இதைத்தான் செய்கிறார். பிடுங்கிச் சொருகினால் ஏன் சரியாகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்கும்போதும் நாம் இப்படித்தான்.

காரணங்கள் பல உண்டு. அதில் ஒன்றின் பெயர் மெமரி லீக். லீக் என்றதும் பெட்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்காதீர்கள். எதுவும் சொட்டாது. இது வேறு மாதிரி ஒழுக்கு.

வாடகைப் பாத்திரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு நாலு அண்டா, ரெண்டு கரண்டி எடுத்துப் போகிறீர்கள். கல்யாணம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். தரவில்லை. அண்டா உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது, நீங்களும் அதை மறந்தாயிற்று. கடை நோட்டுப்படி அண்டா வெளியே போயிருக்கிறது, ஆனால் அதில் யாரும் சோறு வடிக்கவில்லை. இப்படி ஊரில் ஒவ்வொருவரும் ஒரு அண்டாவை மறந்தால், ஒரு முகூர்த்த நாளில் கடைக்காரர் வெறும் கையை விரிப்பார். கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமும் வேலைக்குத் தேவையான மெமரியைக் கேட்டு வாங்குகிறது. முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். தர மறந்தால் லீக்.

உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கான பைட் மெமரி இருக்கிறது. நூறு பைட் தொலைந்தால் அதற்கு யானை வாயிலிருந்து விழுந்த பருக்கை. சாயங்காலம் எப்படியும் அணைத்துவிட்டுக் கிளம்புவீர்கள், எல்லாம் துடைத்துப் போய்விடும். ஆனால் மின்சார மீட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், கேட் திறக்கிற மெஷின் இதிலெல்லாம் ஒளிந்திருக்கிற சின்னச் சில்லுக்கு மொத்தச் சொத்தே சில பத்து ஆயிரம் பைட்தான். அதை யாரும் அணைப்பதும் இல்லை. வருஷக் கணக்காக ஓடவேண்டும். அங்கே நூறு பைட் என்பது ஏழை வீட்டு அரிசி.

என் நண்பன் ஒருவன் செஞ்சியில் அப்படி ஒரு பெட்டி செய்து விற்கிறான். பட்டறை மாடியிலிருந்து ராஜகிரி தெரியும். (2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்குள் இருப்பது நம் கோட்டை ஒன்றுதான். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களே மலை ஏற ஆரம்பித்திருக்கிறார்கள்.) பெட்டிக்குள் ஒரு சில்லு, ஒரு சிம் கார்டு. கிணற்றுமேட்டில் மோட்டாரோடு மாட்டிவிட்டால் வீட்டிலிருந்தே போனில் மோட்டார் போடலாம், நிறுத்தலாம். தண்ணீர் வற்றினாலோ, மூணு பேஸில் ஒன்று போனாலோ தானே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும். விற்றது அறுபது பெட்டி. அதில் ஒன்று வளத்திப் பக்கம் ஒரு பெரியவரின் கொல்லையில். மூன்று ஏக்கர் மல்லாட்டை.

அந்தப் பெட்டி செத்துச் செத்துப் பிழைத்தது. ஒருநாள் ராத்திரி செத்த சமயம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போனில் நிறுத்தச் சொன்னார், நிற்கவில்லை. கிணறு வற்றியது, பெட்டிக்குத் தெரியவில்லை. விடிகாலையில் டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது மோட்டார் காயில் கருகி நாற்றம் வந்துகொண்டிருந்தது. காயில் கட்ட ஏழாயிரம் ரூபாய். காயில் கட்டி வருகிறவரை ஒன்பது நாள், பூ இறங்குகிற நேரத்தில், மல்லாட்டைக்குத் தண்ணீர் இல்லை.

பெரியவர் பட்டறைக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, இது அமாவாசைக்கு அமாவாசை நின்னு போவுது. நீ நம்ப மாட்ட. நான் காலண்டர்ல குறிச்சி வெச்சிருக்கேன்."

"ஐயா, மெஷினுக்கு அமாவாசையாவது பௌர்ணமியாவது..."

"போன அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். உடனே ஓடிச்சி. அதுக்கு என்னா சொல்ற?"

நண்பன் பாதி சிரித்தான். பாதியில் நிறுத்தினான். ஏனென்றால் தன் சர்வரில் பார்த்தபோது அந்தப் பெட்டி பேச்சை நிறுத்திய நாட்கள் வரிசையாகத் தெரிந்தன. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒப்பிட்டான். ஐந்தில் நான்கு, அமாவாசை ராத்திரி.

விஞ்ஞானம் படித்தவனுக்கு இதைவிடச் சங்கடம் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் வேறு பக்கம் போகவேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசி முடித்துப் பிரிகிற விஷயம். பேச ஆரம்பிப்பது சுலபம். பிரிவதுதான் நம் வீட்டு விருந்தாளி மாதிரி. "அப்ப நான் வரட்டுமா?" என்று ஒருவர் சொல்ல, "சரி, வாங்க" என்று மற்றவர் சொல்ல, பிறகு அவர் பங்குக்கு "நானும் கிளம்பறேன்" என்று சொல்ல, இவர் "சரி" என்று சொல்ல, ஆக நாலு வார்த்தை. டி.சி.பி. என்ற பேச்சு முறையில் இதுதான் சட்டம். 1981-ல் எழுதி வைத்தார்கள், இன்றைக்கும் அதன்படிதான் நடக்கிறது. இதில் யார் முதலில் "வரட்டுமா" என்று சொன்னாரோ, அவர் கடைசி "சரி"யைச் சொன்னபிறகும் உடனே போகமுடியாது. அந்தச் சரி எதிராளிக்குப் போய்ச் சேராமல் அவர் மறுபடி கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே! வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். 1981 சட்டப்படி நாலு நிமிஷம். லினக்ஸில் ஒரு நிமிஷம். அதுவரை அந்தப் பேச்சுக்காக எடுத்த மெமரியில் கொஞ்சம் பிடிபட்டே இருக்கும்.

நண்பனின் சில்லில் ஓடியது எல்.டபிள்யூ.ஐ.பி. என்கிற இலவசச் சரக்கு. ஸ்வீடனில் ஆடம் டங்கெல்ஸ் என்பவர் எழுத ஆரம்பித்தது. சில பத்து ஆயிரம் பைட் மெமரிக்குள் இன்டர்நெட் பேச்சையே அடக்கிவிட்ட கெட்டிக்காரத்தனம். உலகம் பூராவும் சின்னப் பெட்டிகளில் இது ஓடுகிறது. அதில் வாசல் காத்திருப்பு இரண்டு நிமிஷம்.

நண்பன் முதலில் இந்த வாசலில்தான் தடுக்கி விழுந்தான். ஒவ்வொரு தடவை சர்வரோடு பேசி முடித்ததும் "மீதி மெமரி எவ்வளவு?" என்று அச்சடிக்கும்படி ஒரு வரி சேர்த்தான். பேசப் பேச மீதி குறைந்தது. "கண்டுபுடிச்சிட்டேன்டா!" என்று எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் குறைந்த மெமரி முழுசும் திரும்பியிருந்தது. அது லீக் இல்லை, வாசலில் நின்ற விருந்தாளி. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் பலர் இங்கேதான் இரண்டு மூன்று நாளைத் தொலைக்கிறார்கள். கடையை மூடி, இரண்டு நிமிஷம் காத்திருந்து, அப்புறம் கல்லாவை எண்ணவேண்டும். உடனே எண்ணினால் கணக்கு பொய் சொல்லும். (முதல் "வரட்டுமா"வைச் சர்வரைச் சொல்லவைத்தால் காத்திருக்கும் பாரமும் சர்வர் தலையில் போய்விடும். அதற்கு மெமரி கொட்டிக் கிடக்கிறது, நிற்கட்டும்.)

இரண்டு நாள் மேஜையில் ஓடவிட்டான். பெட்டி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஒரு பைட் குறையவில்லை. வளத்தியில் சாகிறது, செஞ்சியில் சாகமாட்டேன் என்கிறது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். "ட்ரையல் பேலன்ஸ் போட்டியா?" என்றேன்.

கேலிக்குத்தான் சொன்னேன், ஆனால் அவன் உட்கார்ந்து போட்டான். மெமரி கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் பற்று, திருப்பித் தருகிற ஒவ்வொரு இடத்திலும் வரவு. எந்த வரியில் வாங்கியது, எத்தனை பைட் என்று பெயர் சொல்லிக் குறிக்கிற ஒரு சின்னப் பேரேடு. பெரிய கம்ப்யூட்டரில் இதைத் தானே செய்கிற வால்கிரிண்ட் மாதிரிக் கருவிகள் உண்டு. இந்தச் சில்லுக்குள் அதெல்லாம் நுழையாது, கையால்தான் எழுதவேண்டும். எழுதினான். மேஜையில் பற்றும் வரவும் காசு பிசகாமல் பொருந்தின.

அப்புறம்தான் பெரியவரின் எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன் போட்டான்.

"ஐயா, சுத்திப் போட்டீங்களே, அதுக்கு முன்னால பெட்டிய என்னா பண்ணீங்க?"

"என்னா பண்ணுவேன்? தூசி தொடச்சி, பேட்டரி வயரக் கழட்டி ஓரமா வெச்சிட்டு, குங்குமம் வெச்சேன். ஷாக் அடிக்கக் கூடாதில்ல?"

பேட்டரி வயரைக் கழற்றியிருக்கிறார்! ஆபீஸ் மூலைப் பெட்டி வைத்தியம்தான். எலுமிச்சம்பழம் கொசுறு.

அந்தப் பேச்சில் இன்னொன்றும் விழுந்தது. பேட்டரி. அறுபது பேரில் பேட்டரியோடு சேர்த்து வாங்கியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கரண்ட்டிலேயே ஓட்டுகிறார்கள். விவசாயக் கரண்ட் வரும், போகும். ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் பெட்டி செத்துப் புதிதாகப் பிறக்கிறது, பழைய பாக்கி எல்லாம் ரத்து. ஆக, எல்லாப் பெட்டியிலும் வியாதி இருந்திருக்கிறது. மின்வெட்டு அதைத் தினமும் குணப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கூடுதல் காசு போட்டுப் பேட்டரி வாங்கியவர்தான் அகப்பட்டார். மின்வெட்டை ஊரே திட்டுகிறது. அதற்கு நன்றிக்கடன் பட்ட ஒரே ஆள் என் நண்பனாகத்தான் இருக்கும்.

ஆனால் அமாவாசை?

இதற்கு விடை சொன்னது கம்ப்யூட்டர் இல்லை, அவன் அம்மா. "அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் போனா போன் எங்க எடுக்குது? உங்க பெரியம்மாவத் தேடி நான் பட்ட பாடு!" என்றார்கள்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை நடுராத்திரி ஊஞ்சல் உற்சவம். ஸ்பெஷல் பஸ் விட்டு ஊர் ஊராக ஜனம் வந்து குவியும். அத்தனை கையிலும் போன். அக்கம் பக்கத்து டவரெல்லாம் திணறும். வளத்தி அந்த வழியில்தான். பெரியவரின் பெட்டி சர்வரைக் கூப்பிடும், பதில் வராது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடும், ராத்திரி பூரா.

நண்பன் மேஜைப் பெட்டியின் ஆன்டெனாவைத் திருகிக் கழற்றினான். அவ்வளவுதான் செய்தான். மீதி மெமரி மாடிப்படி மாதிரி இறங்க ஆரம்பித்தது. ஒரு கூப்பாட்டுக்கு 112 பைட். கால் மணி காத்திருந்தான், அரை மணி காத்திருந்தான். திரும்பவில்லை. கையிருப்பு 20 கே.பி.; கணக்குப் போட்டால் 182 கூப்பாடு. மூன்று மணி நேரம். உற்சவம் முடிவதற்குள் பெட்டிக்குக் காரியம் முடிந்துவிடும்.

பேரேட்டைப் பிரித்தால் தப்பு பல்லைக் காட்டியது. பேச்சு ஒழுங்காக நடந்து ஒழுங்காக முடிந்தால் எல்லாவற்றையும் திருப்பித் தருகிறான். பேச்சு அமையாமலே போனால் எல்.டபிள்யூ.ஐ.பி. தான் எடுத்ததைத் தானே திருப்பிவிட்டு "காரியம் கெட்டது" என்று ஒரு தகவல் மட்டும் சொல்லும். அந்தப் பேச்சுக்காக நண்பன் தனியாக வாங்கி வைத்த 112 பைட் அவன் பொறுப்பு. தகவல் வந்த இடத்தில் அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "கனெக்ஷன் ஃபெயில்" என்று அச்சடி. கல்யாணம் நடந்தால் பாத்திரத்தைத் திருப்பித் தருவான், கல்யாணம் நின்றுபோனால் திருப்பித் தரமாட்டான். இந்த மாதிரி லீக் பெரும்பாலும் காரியம் கெட்டுப்போகிற பாதையில்தான் குடியிருக்கும். நல்ல பாதையை எல்லோரும் நூறு தடவை சோதிக்கிறோம். ஆன்டெனாவைக் கழற்றிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

தோண்டத் தோண்ட இன்னும் இரண்டு கிளம்பின. ஒன்று, எல்.டபிள்யூ.ஐ.பி.யில் "மூடு" என்று சொன்னால் சில சமயம் "மெமரி இல்லை, மூடமுடியாது" என்று பதில் வரும். "வரட்டுமா" என்று சொல்லி அனுப்பவும் கொஞ்சம் மெமரி வேண்டுமே. கடனை அடைக்கப் போக பஸ்ஸுக்குக் காசில்லாத கதை. சற்றுப் பொறுத்து மறுபடி மூடிப் பார்க்கவேண்டும். நண்பன் அந்தப் பதிலைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, மூடியாயிற்று என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான். கோட்டையில் ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைப் பிளவு ஒன்று, அதன்மேல் பாலம். அந்தக் காலத்தில் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். எடுக்கச் சொல்லிவிட்டு எடுத்தார்களா என்று திரும்பிப் பார்க்காத காவலன் அங்கே எத்தனை நாள் உத்தியோகத்தில் இருந்திருப்பான்?

இன்னொன்று நாய். இந்தச் சில்லுகளில் வாட்ச்டாக் என்று ஒரு காவல் நாய் உண்டு. புரோகிராம் குறித்த நேரத்துக்குள் அதற்குச் சோறு போடவேண்டும். போடாவிட்டால் எஜமான் மயங்கிவிட்டான் என்று புரிந்துகொண்டு பெட்டியை ரீ-ஸ்டார்ட் பண்ணும். நல்ல ஏற்பாடு. நண்பன் என்ன செய்தான், நாய்க்குச் சோறு போடுகிற வேலையை எஜமானிடம் தராமல் கடிகாரத்திடம் தந்துவிட்டான். எஜமான் மயங்கி விழுந்தாலும் கடிகாரம் ஓடும், சோறு விழும், நாய் வாலாட்டும். அதனால்தான் அந்த மோட்டார் கருகியது. லீக் வந்தது ஒரு தப்பு என்றால், லீக் வந்தும் பெட்டி தானாக எழுந்திருக்காதது அதைவிடப் பெரிய தப்பு என்பது என் கட்சி.

நண்பனை ரொம்பத் திட்டவும் முடியவில்லை. 1992-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்தது. அக்டோபர் 26, 27-ல் வேறு பல கோளாறுகளால் ஊரே அல்லோலகல்லோலம். அதிலிருந்து ஒருவழியாகத் தேறி, பாதி கம்ப்யூட்டரும் பாதி கையுமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, நவம்பர் 4-ந் தேதி விடிய இரண்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றது. விசாரித்தால், மூன்று வாரம் முன்னால் ஒரு புரோகிராமர் ஏதோ மாற்றம் செய்தபோது விட்டுப்போன ஒரு துண்டு. ஆம்புலன்ஸ் ஒன்றை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சர்வரில் கொஞ்சூண்டு மெமரி எடுத்துத் திருப்பித் தராது. மூன்று வாரத்தில் கல்லா காலி. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த இன்னொரு சர்வரும் கைகொடுக்கவில்லை. போன் பண்ணியவர்களின் விலாசத்தைக் காகிதத்தில் எழுதி ஆம்புலன்ஸ் அனுப்பினார்கள்.

வளத்திக் கதைக்கு அச்சாக இன்னொன்று அமேசானில் நடந்தது. 2012 அக்டோபர் 22, அமெரிக்காவில் வர்ஜீனியா. தகவல் சேகரிக்கிற சர்வர் ஒன்று பழுதாகி, வேறொன்றை வைத்தார்கள். புது விலாசம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. சேராத மெஷின்களெல்லாம் செத்துப்போன பழைய விலாசத்தையே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கூப்பிட்டுக் கிடைக்காதபோதெல்லாம் கொஞ்சம் மெமரி போயிற்று. தகவல் சேகரிப்பு முக்கியமான வேலை இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. மெமரி தீர்ந்து மெஷின்கள் முக்கியமான வேலையை விட்டபோதுதான் கவனித்தார்கள். அன்றைக்கு ரெடிட், பின்ட்ரெஸ்ட் உள்பட எத்தனையோ பெரிய தளங்கள் மணிக்கணக்கில் படுத்தன. அங்கே கூட்டம் கூடவில்லை, ஊஞ்சல் ஆடவில்லை, மற்றபடி அதே அமாவாசைதான்.

நண்பன் சேர்த்த வரிகள் மொத்தம் பதினொன்று. திருப்பித் தருவதற்கு ஒன்று, மூடமுடியாவிட்டால் மறுபடி மூடுவதற்குச் சில, நாயைக் கடிகாரத்திடமிருந்து பிடுங்கி எஜமானிடம் கொடுக்க மீதி. கூடவே, ஒவ்வொரு தடவை சர்வரோடு பேசும்போதும் மீதி மெமரியையும் சொல்லும்படி செய்துவிட்டான். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஐந்து நாள் ஓட்டினான். கோடு நேராக நின்றது.

காயில் கட்டிய ஏழாயிரத்தைப் பெரியவர் கையில் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டார். "மல்லாட்டை என்னா ஆச்சி ஐயா?" என்று கேட்டதற்கு, "வந்த வரைக்கும் வந்துது" என்றார். அதற்கு விலை அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

இனிமேல்தான் நிஜமான வேலை. விற்ற அறுபது பெட்டியிலும் பழைய புரோகிராம். பட்டறையில் உட்கார்ந்தபடியே மாற்றுகிற வசதியை, செலவைக் குறைக்க, அவன் பெட்டியில் வைக்கவில்லை. லேப்டாப்பையும் ஒரு கேபிளையும் எடுத்துக்கொண்டு, பைக்கில் ஒவ்வொரு கிணற்றுமேட்டுக்கும் போய், குனிந்து உட்கார்ந்து மாற்றவேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறான், பேட்டரி வாங்கியவர்கள் வீட்டுக்கு முதலில். போன வாரம் வரை நாற்பத்து நாலு முடிந்திருக்கிறது. அடுத்த அமாவாசைக்குள் மீதிப் பதினாறையும் முடிக்கவேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.